முப்பத்தைந்து நாள் என் லாச்சியில் கிடந்த கடிதம்

1. நான் செய்தது

வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் இருந்த ஒருவன் தன் சட்டத்தரணிக்கு எழுதிய கடிதத்தை முப்பத்தைந்து நாள் என் மேசை லாச்சியில் வைத்திருந்தேன். மறதியால் அல்ல. ஒவ்வொரு நாளும் லாச்சியைத் திறந்து அது கிடப்பதைப் பார்த்துவிட்டு மூடினேன். அரச உத்தியோகத்தரால் தன் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று சொல்கிறவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மாதம் கழியட்டும் என்றே வைத்திருந்தேன்.

வன்னியில் ஒரு சிறைச்சாலையில் நான் நலன்புரி உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தச் சிறை என்று எழுதவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். துறையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

கைதிகளின் குடும்பத்தோடு தொடர்பு வைத்திருப்பது, பிணைக்கு ஆள் தேடிக் கொடுப்பது, தொழில் வகுப்பு நடத்துவது, இவைதான் என் வேலை. இவற்றோடு கடிதம் வாசிப்பதும் இருந்தது. எங்கள் கந்தோரில் தமிழ் எழுத்தைத் தடங்கலின்றி வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். ஆகவே தமிழில் எழுதிய ஒவ்வொரு கடிதமும் என் மேசைக்கு வந்தது. நான் வாசித்து முத்திரை குத்தினால் வெளியே போகும்.

இருபது வருடம் பிறர் கடிதத்தை வாசித்தால் மனிதனுக்கு ஒரு நோய் வந்துவிடுகிறது. ‘மாமாவுக்குச் சுகமில்லை’ என்று ஒருவன் எழுதினால், இது எந்த மாமா, உண்மையில் மாமாதானா, அல்லது கஞ்சா கொண்டுவருகிறவனா என்று யோசிப்பேன். ‘கோழி குஞ்சு பொரித்துவிட்டதா?’ என்று கேட்டிருந்தால் அந்த வரியை மூன்று தரம் வாசிப்பேன். பெரும்பாலும் அது கோழியாகத்தான் இருந்தது.

2. செர்ச் நடந்த காலை

யோகன் உடையார்கட்டைச் சேர்ந்த மேசன். காட்டில் களவாக வெட்டிய முதிரைக் குற்றிகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தில், ஏற்றி இறக்கும் கூலியாக வந்து பிடிபட்டவன். இயந்திரக்காரன் ஓடிவிட்டான். இவனுக்குப் பிணை நிற்க ஆள் கிடைக்கவில்லை.

ஒரு காலை, சாப்பாடு முடிந்த கையோடு அவனுடைய வார்டில் செர்ச் நடந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பொலித்தீனில் சுற்றிய ஒரு ஃபோன் அகப்பட்டது. நான் தச்சு வகுப்புக்கு ஆள் சேர்க்கும் பெயர்ப்பட்டியலோடு அந்தப் பக்கம் போனேன். கம்பிக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே இரண்டு காவலர்கள் யோகனைத் தொட்டியோடு சேர்த்து நிறுத்தியிருந்தார்கள். பிரதம ஜெயிலர் சுவரோரமாக நின்றார்.

“ஆரின்ட ஃபோன்?” என்றார் ஒரு காவலர்.

“எனக்குத் தெரியாது சேர். சத்தியமா எனக்குத் தெரியாது.”

“தெரியாதவனின்ட இடத்துக்குப் பின்னால ஃபோன் முளைக்கிறதா?”

பொல்லு இறங்கியது. இரண்டாவது அடியோ மூன்றாவதோ, அவன் வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கினான். மணிக்கட்டில் பட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அவன் குனிந்துகொண்டே கதவுப் பக்கம் திரும்பினான். என்னைக் கண்டான்.

“ஐயா!” என்று கூப்பிட்டான்.

நான் பெயர்ப்பட்டியலைப் பார்த்தேன். அதில் ஏதோ சரிபார்க்க வேண்டியிருந்தது போலப் பார்த்தேன். பிறகு கந்தோருக்குத் திரும்பி நடந்து, கதிரையில் இருந்து, அந்தப் பட்டியலை நல்ல எழுத்தில் மறுபடி ஒரு பிரதி எடுத்தேன். அது தேவையற்ற வேலை.

அன்றைய குறிப்பேட்டில், கைதி தொட்டியடியில் வழுக்கி விழுந்தார் என்று பதியப்பட்டது. இரண்டு நாள் துணிக்கட்டோடு வைத்திருந்துவிட்டுத்தான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ப் பிளாஸ்டர் போட்டார்கள்.

3. கடிதம் என் கைக்கு வந்த விதம்

மூன்றாம் நாள் ஹனீபா நானா என் மேசைக்கு வந்தார். முல்லைத்தீவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். நீண்டகால இடம்பெயர்வுக்குப் பிறகு ஊர் திரும்பி, தன் பழைய வளவின் எல்லை பற்றிப் பக்கத்துக்காரரோடு ஏற்பட்ட அடிதடியில் உள்ளே வந்தவர். நல்ல கையெழுத்து. வார்டில் எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் அவர்தான் எழுதிக்கொடுப்பார்.

“ஐயா, யோகன்ட கடிதம். லோயரம்மாவுக்கு. அவன் சிக் றூமில கையைத் தூக்கிக்கொண்டு படுத்திருக்கான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினன். கீழ இடது கைப் பெருவிரல் வைச்சிருக்கான்.”

“வைச்சிட்டுப் போங்கோ.”

அவர் போகவில்லை. “இண்டைக்கே போயிடுமா ஐயா?”

“ஏன், உங்களுக்கு அவசரமோ?”

“எனக்கென்ன அவசரம்? எனக்கு ரெண்டு கையும் ஈக்குதே” என்று சிரித்துக்கொண்டு போனார்.

கடிதத்தை வாசித்தேன். நடந்தது நடந்தபடி இருந்தது. கூடுதலாக ஒரு சொல்லும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும் என்று கேட்டிருந்தான். கடைசிப் பந்தியில், ‘நலன்புரி ஐயா கதவடியில் நின்று கண்டவர். அவர் பொய் சொல்லமாட்டார். அவரிடம் கேளுங்கள்’ என்று இருந்தது.

அதை வாசித்ததும் கடிதத்தை மடித்து லாச்சியில் வைத்தேன்.

ஓய்வுக்கு எனக்கு எட்டு மாதம் இருந்தது. சாட்சி என்று என் பெயர் போனால் அந்த எட்டு மாதத்தை அந்தக் கந்தோரில் எப்படிக் கழிப்பது என்று யோசித்தேன். பிறகு, எனக்கு நானே ஒரு காரணம் செய்துகொண்டேன். ஃபோன் இவனுடையதாகத்தான் இருக்கும். அதை மறைக்கத்தான் வழக்கு. நல்லவன் என்று என்னைப் பற்றி எழுதியிருப்பதும் என்னை வளைக்கத்தான். இப்படி ஒரு கடிதத்தைச் சந்தேகித்துப் படிக்க நான் பழகியிருந்தேன். அந்தப் பழக்கம் அன்று வசதியாக இருந்தது.

அடுத்த நாள் பிரதம ஜெயிலர் என் அறைக்கு வந்தார். எங்கள் பகுதியில் பல வருடம் வேலை செய்து தமிழ் பேசப் பழகிய சிங்களவர். ஐயா என்பதற்கு ‘மாத்தயா’ என்பார்.

“மாத்தயா, அந்தக் கை ஒடஞ்ச ஆள் கடதாசி ஏதும் குடுத்ததா?”

“குடுத்தது சேர்.”

“என்ன எழுதியிருக்கு?”

“வீட்டு விசயம். பிணைக்கு ஆள் பாக்கச் சொல்லியிருக்கு.”

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். “நல்லம். நீங்க பாத்து அனுப்புங்க” என்றார். அரை மணியில் அவர் அறையிலிருந்து எனக்கு ஒரு தேத்தண்ணீர் வந்தது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கடிதத்தை நிறுத்தச் சொல்லி எனக்கு ஒருவரும் கட்டளை போடவில்லை. அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே நான் சொல்லவில்லை. அவர் நம்பினாரா என்று தெரியாது. அந்தத் தேத்தண்ணீரைக் குடிக்கும்போது, இவருக்கு எல்லாம் தெரியும் என்றும் தோன்றியது, ஒன்றும் தெரியாது என்றும் தோன்றியது.

யோகன் என்னிடம் மூன்று தரம் கேட்டான்.

“ஐயா, கடிதம் போட்டாச்சோ?”

“போட்டாச்சு.”

“லோயரம்மாட்டையிருந்து பதில் வரேல்லை.”

“அவைக்கும் ஆயிரம் வழக்கு. வரும்.”

அவனுடைய மனைவி மலர் பார்க்க வருகிற நாட்களில் பக்கத்தில் காவலர் நிற்பார். நீதவான் முன் தவணைக்குக் கொண்டுபோகிறவர்களும் அதே காவலர்கள்தான். ஆகவே அவன் வாய் திறக்கவில்லை. லோயருக்குக் கடிதம் போய்விட்டது என்று மட்டும் மனைவியிடம் சொன்னான். அவளும் காத்திருந்தாள்.

முப்பத்தைந்து நாள் கழித்து, முத்திரை குத்தித் தபாலில் போட்டேன்.

4. பதிவேடு

வெளியே போகும் கடிதப் பதிவேட்டில் இரண்டு நிரல் உண்டு. ஒன்று கைதியிடமிருந்து பெற்ற திகதி, மற்றது அனுப்பிய திகதி. கடிதம் வந்த அன்று ஒன்றும் எழுதமாட்டோம். அனுப்புகிற அன்றுதான் இரண்டு நிரலிலும் ஒரே திகதியைப் போடுவோம். தாமதம் என்று பரிசோதனைக்கு வருகிறவர்கள் பேனையால் சுழிக்கக் கூடாது என்பதற்காக யாரோ தொடங்கிய வழக்கம். எனக்கு முன்னிருந்தவரும் அப்படித்தான் செய்தார். யோகனின் கடிதத்துக்கும் அப்படியே எழுதினேன். பெற்ற திகதியும் அனுப்பிய திகதியும் ஒன்று.

ஒரு கிழமையில் சட்டத்தரணி வந்தா. கிளிநொச்சியில் இருந்து வழக்காடுகிற, நாற்பது வயதுள்ள பெண். யோகனோடு கதைத்துவிட்டு என்னிடம் வந்தா.

“ஐயா, இந்தக் கடிதம் எப்ப உங்கடை கைக்கு வந்தது?”

“பதிவேட்டில இருக்கு.”

“பதிவேட்டில இருக்கிறதைப் பாத்தனான். நான் உங்களைக் கேக்கிறன்.”

“பதிவேட்டில இருக்கிறதுதான்.”

திகதியையே மறைப்பவனிடம் சாட்சி கேட்டுப் பயனில்லை என்று நினைத்தாவோ என்னவோ, கடிதத்தின் கடைசிப் பந்தியைப் பற்றி அவா ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது என் மேசையை ஒரு தரம் பார்த்தா. லாச்சியைத்தான் பார்க்கிறா என்று எனக்குப் பட்டது.

அன்று மாலை யோகன் வந்தான். பிளாஸ்டர் வெட்டியிருந்தார்கள். மணிக்கட்டு ஒரு பக்கம் சரிந்து பொருந்தியிருந்தது.

“ஐயா, போட்டாச்சு எண்டு முதலே சொன்னீங்களே?”

இங்கேதான் அவனிடம் இரண்டாவது பொய்யைச் சொன்னேன். அது முதலாவதைவிட மோசமானது.

“நான் சொன்னது உன்ரை பிணை விண்ணப்பத்தை. இந்தக் கடிதம் என்னட்டை இப்பதான் வந்தது. ஒரு ஜெயில் காட் கொண்டுவந்து தந்தவர்.”

அவன் நின்றபடி யோசித்தான். “ஜெயில் காட்டோ? நான் நானாட்டையெல்லோ குடுத்தனான்.”

நான் மேசையிலிருந்த கோப்பைப் புரட்டினேன்.

ஹனீபா நானாவுக்குக் கடிதம் தந்த எட்டாம் நாளே பிணை கிடைத்திருந்தது. யோகன் அதையும் இதையும் கூட்டிப் பார்த்தான். “அப்ப வெளியில போறதுக்காக நானா அதை அவங்களிட்டைக் குடுத்திட்டுப் போயிருக்கிறார்” என்றான். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் எங்கள் நிலத்தில் ஒரு மனிதன்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

வழக்குப் போடப்பட்டது. ஒரு மாதக் கெடு கடந்துவிட்டது, ஏற்கக்கூடாது என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. சிறையில் கடிதத் தாமதமே இல்லை என்று காட்டப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துச் சமர்ப்பித்தார்கள். அதன் அடியில் ‘உண்மைப் பிரதி’ என்று எழுதிக் கையொப்பமிட்டவன் நான். அதற்கு அடுத்த மாதம் எனக்குப் பிரியாவிடை நடந்தது. பிரதம ஜெயிலர் என் நேர்மையைப் பற்றிப் பேசினார்.

5. முள்ளியவளையில் ஒரு மதில்

ஓய்வுக்குப் பிறகு முள்ளியவளையில் என் மகளோடு இருந்தேன். இரண்டாம் வருடம் பக்கத்து வீட்டில் மதில் கட்ட ஆட்கள் வந்தார்கள். சீமெந்து குழைத்துத் தாச்சியில் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த கூலியாள் யோகன். மர வழக்கில் குற்றப் பணத்தோடு விட்டிருந்தார்கள். சாந்து பூசும் சாந்தகப்பையை அவனால் பிடிக்க முடியவில்லை. அதனால் வேறொரு மேசனுக்குக் கூலியாக நின்றான். இடக்கையால் மண்வெட்டியைப் பிடித்து, வலக்கையை அதன் பிடிமேல் சும்மா வைத்திருந்தான்.

என்னைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேலியடிக்கு வந்தான்.

“ஐயா! இஞ்சையோ இருக்கிறியள்? சுகமா இருக்கிறியளோ?”

“இருக்கிறன். வழக்கு என்ன மாதிரி?”

“அது இழுபடுது ஐயா. பிந்திப்போச்சு, பிந்திப்போச்சு எண்டு ஒவ்வொரு தவணையும் நிக்குது. பிந்தினது என்னாலை இல்லை எண்டு காட்டினால்தான் எடுப்பினமாம். காட்டுறதுக்கு நான் எங்க போக?” கையைத் துடைத்தான். “உங்களிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கடை கைக்கு வந்த அண்டைக்கே போட்டிட்டியள். எல்லாம் அந்த நானா செய்த வேலை. ஒருக்கா என்ரை வீட்டுக்கும் வந்தவர், மலர் வாசலிலை வைச்சே ஏசி அனுப்பிப்போட்டா.”

வீட்டுக்குள் போய், அன்று மத்தியானம் சாப்பிடாமல் இருந்தேன். என்னை ஒருவன் சந்தேகித்திருந்தால் எனக்கு மறுப்புச் சொல்லத் தெரியும். அதில் எனக்குப் பழக்கமுண்டு. அவன் என்னைச் சந்தேகிக்கவில்லை.

6. சட்டத்தரணியின் கந்தோர்

அடுத்த கிழமை கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினேன். சட்டத்தரணி என்னை உடனே அடையாளம் கண்டா. கதிரையைக் காட்டவில்லை. கடிதத்தை ஒளித்த கதையை நின்றபடியே சொன்னேன்.

கேட்டு முடித்ததும், “உங்களை ஆர் அனுப்பினது?” என்றா.

“ஒருத்தரும் அனுப்பேல்லை, பிள்ளை.”

“பிள்ளை எண்டு சொல்லவேண்டாம். ரெண்டு வருசம் பேசாமல் இருந்திட்டு, ஆட்சேபனை விசாரணைக்கு வாற நேரத்திலை ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருத்தர் தானா வந்து, நான்தான் ஒளிச்சு வைச்சனான் எண்டு சொல்லுறார். நான் அதைச் சத்தியக் கடதாசியாப் போடுவன். நாளைக்கு நீங்கள், ‘அந்த அம்மாதான் எழுதி வாங்கினவா’ எண்டு சொல்லுவியள். வழக்கும் போகும், என்ரை லைசன்சும் போகும். எத்தினை பேரைப் பாத்திட்டன்.”

“நான் அப்பிடிச் செய்யமாட்டன்.”

“நீங்கள் என்ன செய்யமாட்டியள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்களே சொல்லுறியள், பொய் எழுதினனான் எண்டு. இது பொய் இல்லை எண்டதுக்கு என்ன இருக்கு?”

அப்போதுதான் கடிதத்தாள் கொப்பி நினைவுக்கு வந்தது. கைதிகள் தங்கள் இஷ்டத்துக்குக் கடதாசி எடுக்க முடியாது. இலக்கமிட்ட தாளை நலன்புரிக் கந்தோர் கொடுக்கும். வாங்குகிறவர் திகதியோடு கையொப்பமிடுவார். காகிதாதிகள் கணக்கெடுப்புக்கான கொப்பி அது. கடிதத்தோடு அதை இணைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஆகவே மறைக்கவும் தோன்றியிராது.

“யோகனுக்கெண்டு நானா தாள் வாங்கினது செர்ச் நடந்த மூண்டாம் நாள். தாளிலை இலக்கம் இருக்கு. உங்களிட்டை இருக்கிற கடிதத்திலை அந்த இலக்கம் இருக்கும். கொப்பியை நீதிமன்றம் கேட்டு எடுக்கட்டும்.”

அவா அலுமாரியைத் திறந்து கோப்பை எடுத்துக் கடிதத்தின் மூலையைப் பார்த்தா. இலக்கம் இருந்தது. அதற்குப் பிறகுதான், “இருங்கோ” என்றா. சிரிக்கவில்லை.

“போடுறன். ஆனா ஒரு விசயம். இதை யோகன் என்னட்டையிருந்து கேள்விப்படக்கூடாது. நீங்கள் போய்ச் சொல்லுங்கோ.”

7. உடையார்கட்டிலும் கடையிலும்

யோகனின் வீடு பாதி பூசிய கல்வீடு. அவனே கட்டத் தொடங்கியது. மலர் எனக்குக் கதிரை போட்டாள். உள்ளே போய்த் தேத்தண்ணீர் வைத்தாள். நான் சொல்லத் தொடங்கியபோது அவள் குசினி வாசலுக்கு வந்து நின்றாள். முடித்தபோது தேத்தண்ணீர் அவள் கையிலேயே இருந்தது. என்னிடம் தரவில்லை.

“இப்ப ஏன் வந்தனீங்கள்?” என்றாள். “பென்சன் வரத் தொடங்கினாப் பிறகு மனச்சாட்சியும் வருமோ?”

“மலர், பொறு” என்றான் யோகன். அவன் என்னைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நானாட்டைச் சொன்னியளோ?” என்று கேட்டான்.

“இல்லை.”

“முதல் அங்கை போங்கோ.”

“இதையும் ஒரு வேலையாச் செய்து, ஆரின்ரை காதிலை போடுறாரோ ஆருக்குத் தெரியும்” என்றாள் மலர். “நீங்களும் கூடப் போங்கோ. இவர் அங்கை என்ன சொல்லுறார் எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ.”

யோகன் என்னோடு முல்லைத்தீவுக்கு வந்தான். பஸ்ஸில் என் பக்கத்தில் இருக்கவில்லை.

ஹனீபா நானா கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். யோகனைக் கண்டதும் முகம் மாறியது. “என்ன, இன்னுமொருக்கா ஏசவா வந்த? மனிசியையும் கூட்டி வந்தீக்கலாமே” என்றார். யோகன் தலையைக் குனிந்துகொண்டு என்னைக் காட்டினான். நான் மூன்றாவது தரமாகச் சொன்னேன். ஒவ்வொரு தரமும் சொல்வது சுலபமாகும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஆகவில்லை.

அவர் தராசிலிருந்த ஆணிகளைத் திரும்பப் பெட்டியில் கொட்டினார்.

“ஐயா, நீங்க படிச்ச மனிசன். ஒரு கேள்வி. நான் இந்த ஊருக்குத் திரும்பி வந்து, என்னை நம்பி ஒருத்தன் கடனுக்குச் சாமான் கேக்கிறதுக்கு எத்தினை வருசம் போச்சு தெரியுமா? இந்தப் பேர் விழுந்த பொறகு உடையார்கட்டுப் பக்கம் எங்கட வேனை நான் அனுப்புறதில்ல. ஏனெண்டு பொடியனுகள் கேட்டா, ரோட்டு சரியில்ல எண்டு சொல்லுவன்.” யோகன் பக்கம் திரும்பினார். “நீ சந்தேகப்பட்ட. அது சரி. இவர் சொன்னா நானும் அப்பிடித்தான் நம்புவன். ஒரு தரம் என்னட்டை வந்து கேட்டியா? அதுதான் எனக்குக் கோவம்.”

“பிழைதான் நானா.”

“பிழைதான் எண்டு லேசாச் சொல்லிட்ட.” தராசை ஓரமாகத் தள்ளிவிட்டு, “கை இப்ப எப்பிடி? காட்டு” என்றார்.

யோகன் காட்டினான். நான் படியில் இறங்கி வெளியே நின்றேன். என்னை உள்ளே வரச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை.

8. இரண்டாவது சத்தியக் கடதாசி

நீதிமன்றம் கடிதத்தாள் கொப்பியை வரவழைத்தது. திகதி நான் சொன்னபடி இருந்தது. கைதியின் கையில் இல்லாத தாமதத்தைக் கைதியின் தலையில் போட முடியாது என்று ஆட்சேபனையைத் தள்ளி, வழக்கை விசாரணைக்கு எடுத்தார்கள்.

கொழும்பில், நீதிமன்றத்துக்கு வெளியே படிக்கட்டில் யோகன் என்னிடம் வந்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

“ஐயா, உங்கடை கடதாசியைத் தமிழிலை வாசிச்சனான். கடிதத்தை ஒளிச்சது இருக்கு. பதிவேட்டிலை பொய் எழுதினது இருக்கு. கதவடியிலை நிண்டு கண்டது எங்கை?”

“லோயரம்மா அதைக் கேக்கேல்லை…”

“அவா கேக்கேல்லை. நீங்கள் சொல்லவும் இல்லை. நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டதோ இல்லையோ?”

“கேட்டது.”

“அப்ப அதை எழுதுங்கோ.”

அவன் சொன்னது சரி. சட்டத்தரணி பிந்தியதற்கான காரணத்தை மட்டும் கேட்டபோது, அடித்ததைப் பற்றிச் சொல்லாமல் தப்பினேன் என்று எனக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. கடிதத்தை ஒளித்தது என்னோடு போகிற குற்றம். கண்டதைச் சொன்னால் கூட வேலை செய்தவர்களுக்கு எதிராக நிற்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதுகூட எனக்கு எது வசதி என்று பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது சத்தியக் கடதாசியில் எல்லாவற்றையும் எழுதினேன். யார் பிடித்தார்கள், யார் அடித்தார், யார் சுவரோரம் நின்றார், நான் எங்கே நின்றேன், அவன் என்னைக் கூப்பிட்டான், நான் போய்விட்டேன். அதே தவணைக்கு, தானும் வார்டுக்குள் நின்று கண்டதாக ஹனீபா நானாவும் ஒன்று கொடுத்தார். அதற்கு முன் அவர் கொடுக்காததற்குக் காரணம், அவரிடம் கேட்க ஒருவரும் போகாததுதான்.

பிரதம ஜெயிலர் எனக்கு ஃபோன் எடுத்தார். “மாத்தயா, நான் உங்களுக்கு என்ன குறை வைச்சேன்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. 

எதிர்த்தரப்பின் பதில் சில கிழமையில் வந்தது. அதில் என்னைப் பற்றி ஒரு முழுப் பக்கம் இருந்தது. இவர் கைதியின் கடிதத்தை ஒளித்ததாகத் தானே ஒப்புக்கொண்டவர். பொய்ப் பதிவை உண்மைப் பிரதி என்று உறுதிப்படுத்தியவர். கைதியிடமும் மேலதிகாரியிடமும் பொய் சொன்னவர். இப்படிப்பட்டவர் கண்ணால் கண்டேன் என்று சொல்வதை நீதிமன்றம் எப்படி நம்பலாம்? நான் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். பிழை என்று சுழிக்க அதில் ஒரு சொல்லும் இல்லை.

தீர்ப்பு வர இன்னொரு வருடம் எடுத்தது. ஒரு மாலை மலர் ஃபோன் எடுத்தாள்.

“தீர்ப்பு வந்திட்டுது. எங்கடை பக்கம்தான். உங்களுக்குச் சொல்லச் சொன்னவர்.”

“யோகன் நிக்கிறாரோ? கதைக்கலாமோ?”

“நிக்கிறார்” என்றாள். ஃபோனைப் பொத்திக்கொண்டு அவனிடம் கேட்கிறாள் என்று தெரிந்தது. பிறகு, “வேண்டாமாம்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தீர்ப்பின் பிரதியைச் சட்டத்தரணி அனுப்பிவைத்தா. வைத்தியசாலை அறிக்கையையும் ஹனீபா நானாவின் சாட்சியத்தையும் கொண்டு, உரிமை மீறப்பட்டது நிரூபணமாகிறது என்று எழுதியிருந்தார்கள். பிடித்து அடித்த காவலர்களோடு, தடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்ற பிரதம ஜெயிலரும் பொறுப்பாளி என்று இருந்தது. என்னைப் பற்றி இரண்டே வரி. தாமதம் பற்றி நான் சொன்னதைக் கொப்பி உறுதிப்படுத்துகிறது. சம்பவம் பற்றி நான் சொன்னதில் தங்கியிருப்பது பாதுகாப்பானதல்ல, அதைத் தவிர்த்தே முடிவுக்கு வந்திருக்கிறோம்.

பார்த்துக்கொண்டு நின்றவன் நானுந்தான். எதிராளிகளின் பட்டியலில் என் பெயர் இருக்கவில்லை. யோகன் அதைச் சேர்க்கச் சொல்லவில்லை என்று பிறகு அறிந்தேன். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரக்கமா, இனி இந்த மனிதனோடு எந்தத் தொடர்பும் வேண்டாம் என்பதா, தெரியாது.

9. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

கடிதம் கையில் வந்த அன்றே பெற்ற திகதியை எழுதுங்கள். தந்தவருக்கு ஒரு பற்றுச்சீட்டுக் கொடுங்கள். முன்னிருந்தவர் இப்படித்தான் செய்தார் என்று யாராவது சொன்னால், யாருக்கு வசதியாக அப்படிச் செய்தார் என்று கேளுங்கள்.

இவ்வளவும் நீங்கள் சுற்றறிக்கையிலும் வாசிக்கலாம். சுற்றறிக்கையில் இல்லாதது ஒன்றுதான். வேலையில் இருக்கும்வரை பேசாமல் இருந்து, உண்மையை ஓய்வுக்குப் பிறகு சொல்லலாம் என்று வைத்திருக்காதீர்கள். நான் அப்படி வைத்திருந்து, கடைசியில் முழுவதையும் ஒரு சொல் கூடக் குறைக்காமல் சொன்னேன். அதை நம்புவது பாதுகாப்பானதல்ல என்று நீதிமன்றம் எழுதியது. இருபது வருடம் பிறர் கடிதங்களைச் சந்தேகித்து வாசித்த நானே அந்த நீதிபதியின் கதிரையில் இருந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.